வகுப்பில் வீடியோ பாடம்: முதலில் எடுக்கவா, வெட்டவா?

கணினிவாத்தியார்:
திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியர் நான். ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட், 40 நிமிடம், வீடியோ எடுக்கவும் எடிட் செய்யவும் அடிப்படை சொல்லிக்கொடுக்க வேண்டும். இருப்பது என் போனும் லேபில் பத்து பழைய கணினிகளும். போன வாரம் எல்லாரையும் எதிர்த்த டீக்கடைக்கு அழைத்துப்போனேன். ஒரு பையன் மாஸ்டர் டீ ஆற்றுவதை எடுத்தான். நாலு நிமிடம், ஒரே ஷாட், நடுவில் ஜூம் வேறு. லேபில் போட்டுப் பார்த்தால் வெட்டுவதற்கு எதுவுமே இல்லை. கை தனியாக இல்லை, டம்ளர் நுரை இல்லை, குடிக்கிறவர் முகம் இல்லை, எங்கே வெட்டினாலும் மாஸ்டர் ஒரு குதி குதிக்கிறார். அதனால் ஷூட்டிங்கைத் தள்ளிவைத்துவிட்டு, நான் எடுத்த துண்டுகளைக் கொடுத்து ஒரு மாதம் எடிட்டிங் மட்டும் நடத்தலாமா என்று யோசிக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

மண்டபத்துக்காரன்:
வேண்டாம் சார். நான் 14 வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். கம்ப்யூட்டரில் எல்லாம் தெரிந்த பசங்கள் என்னிடம் வேலைக்கு வருவார்கள், கேமராவைக் கொடுத்தால் பத்து நொடி ஆடாமல் பிடிக்க வராது. எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். தாலி கட்டுவது ஒரு தடவைதான், என்னத்தைப் பார்த்துக்கொள்வது? முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி வை, போனைப் படுக்கவைத்துப் பிடி, ரெக்கார்டை அழுத்தி மனசுக்குள் மூன்று எண்ணு, விஷயம் முடிந்த பிறகும் மூன்று எண்ணிவிட்டு நிறுத்து. இது கைக்குப் பழகினால் போதும், மீதி தானாக வரும்.

வெட்டுஒட்டு:
அண்ணே, அந்த மூன்று நொடி யாருக்காக? எடிட்டருக்காகத்தானே! வெட்டிப் பார்க்காத பையனுக்கு அது வெறும் சடங்கு. வாத்தியார் யோசனைதான் சரி. 1919ல் மாஸ்கோவில் திரைப்படப் பள்ளி தொடங்கியபோது பிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அங்கே பாடம் நடத்திய இயக்குநர் குலெஷோவின் பட்டறையில் ஏற்கெனவே இருந்த படச்சுருள்களை வெட்டி ஒட்டித்தான் கற்றார்கள். ஒரே நடிகரின் சலனமில்லாத முகம், பக்கத்தில் ஒரு தடவை சூப் கிண்ணம், இன்னொரு தடவை சவப்பெட்டி. முகம் மாறவே இல்லை, பார்க்கிறவர்களுக்குத்தான் பசியும் துக்கமும் தெரிந்தது. வகுப்பில் செய்ய ஒரு பைசா செலவில்லை. உங்கள் ஹெச்எம் முகத்தை அஞ்சு நொடி எடுத்து, ஒன்றில் விடைத்தாள் கட்டு, ஒன்றில் பிரியாணிப் பொட்டலம் என்று ஒட்டிக் காட்டுங்கள். (அனுமதி வாங்கிக்கொண்டு.)

மண்டபத்துக்காரன்:
தம்பி, அவர்களிடம் பிலிம் இல்லை, அதனால் வெட்டினார்கள். நம் பசங்களிடம் இல்லாதது பிலிமா? நீங்கள் பாதியை விட்டுவிட்டீர்கள், அதே பட்டறையில் பிலிமே இல்லாமல் காட்சிகளை மேடையில் நடித்தும் பழகினார்கள். அதாவது எடுக்கிற பயிற்சி. எனக்கும் கொஞ்சம் படிக்க வரும்.

வெட்டுஒட்டு:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதற்குப் பதில் சொல்லுங்கள். ஸ்போர்ட்ஸ் டேக்கு பசங்கள் கபடி எடுக்கிறார்கள். ரெய்டர் இடமிருந்து வலமாகப் பாடிப் போகிறான். இன்னொருத்தன் ஓடிப்போய் எதிர்ப்பக்கம் நின்று எடுக்கிறான். இரண்டையும் சேர்த்து ஒட்டினால் பாடிப் போனவன் தன் ஆட்களையே தொடத் திரும்பி வருகிற மாதிரி இருக்கும். கேமரா ஆட்டத்துக்கு ஒரே பக்கம்தான் நிற்க வேண்டும், நடுவில் இருக்கிற கற்பனைக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று போர்டில் எழுதிப்போட்டால் புரியுமா? எடிட்டிங் டைம்லைனில் துண்டுகளை வரிசையாக ஒட்டிப் பார்த்துக் குழம்பினால்தான் புரியும்.

மண்டபத்துக்காரன்:
அதையே மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு கிழித்து, கேமராக்காரன் இதைத் தாண்டினால் அவுட் என்று சொல்லிப் பாருங்கள்.

வெட்டுஒட்டு:
அவுட் என்று தெரியும். ஏன் அவுட் என்று?

இரண்டுபிள்ளைஅப்பா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகள் எட்டாவது. ஏற்கெனவே வீட்டில் போனைப் பிடுங்குவதுதான் என் முழுநேர வேலை, இப்போது பள்ளியே பாடம் என்று கொடுத்தால் நான் என்ன சொல்லித் தடுப்பது? வகுப்பில் எடுத்த வீடியோ யார் போனில் இருக்கிறது, யார் எங்கே அனுப்பினார்கள் என்று யார் பார்ப்பது? பெண்பிள்ளைகள் முகமும் அதில் இருக்கும்.

கணினிவாத்தியார்:
நியாயமான கேள்வி சார். பசங்கள் போன் கொண்டுவரக் கூடாது, எடுப்பதெல்லாம் என் போனில், பீரியட் முடிவதற்குள் லேப் கணினிக்கு மாற்றிவிட்டு போனில் இருப்பதை அங்கேயே அழித்துவிடுகிறேன். முகம் தெரிகிற மாதிரி எடுப்பதற்கு முன் அவர்களிடம் கேட்டே ஆக வேண்டும். டீ மாஸ்டரிடம் கேட்க மறந்துவிட்டேன் என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

இரண்டுபிள்ளைஅப்பா:
உங்கள் போன் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும் சார். பள்ளிக்கென்று ஒன்று வாங்கச் சொல்லுங்கள். ஆசிரியர் சொந்தப் போனில் மாணவிகள் வீடியோ என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் உங்களுக்குத்தான் சங்கடம்.

கணினிவாத்தியார்:
இது எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டுப்பார்க்கிறேன். அப்புறம் இரண்டு சின்னச் சந்தேகம். வகுப்பறையில் எடுத்தால் திரையில் கறுப்புப் பட்டை ஓடுகிறது. நீளமான பேச்சை லேபில் போட்டால் போகப்போக உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்.

மண்டபத்துக்காரன்:
பட்டை ட்யூப்லைட்டால். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். போன் கேமராவில் நாமே அளவுகளை மாற்றுகிற ப்ரோ மோட் இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்துங்கள். இல்லையென்றால் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்காரவையுங்கள், முகமும் நன்றாக இருக்கும். ஃபேனையும் நிறுத்துங்கள், அந்தச் சத்தத்தை எந்த எடிட்டரும் சுத்தமாக எடுக்க முடியாது, தம்பி கோபித்தாலும் சரி.

வெட்டுஒட்டு:
கோபம் இல்லை, உண்மைதான். உதடு பிரிவது போனால். பெரும்பாலான போன்கள் நொடிக்கு இத்தனை ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்று ஒரே சீராக எடுக்காது, கூட்டிக் குறைக்கும். பல எடிட்டிங் மென்பொருள்கள் அதைச் சீரானதாக நினைத்துக்கொள்ளும். ஹேண்ட்பிரேக் என்று வீடியோவை மாற்றுகிற மென்பொருள் இருக்கிறது, இலவசம்தான், அதில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் (ஒரே சீரான ஃபிரேம் எண்ணிக்கை) வைத்து மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள். அண்ணனுக்கு ஒன்று: இந்தப் பிரச்சினை இருப்பதே எடிட்டில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

கணினிவாத்தியார்:
சரி, இப்படிச் செய்யப்போகிறேன். அடுத்த வாரம் அதே டீக்கடை, அஞ்சு ஷாட், ஒவ்வொன்றும் பத்து நொடி, ஜூம் கிடையாது. அதற்கு முந்தின பீரியடில் பழைய நாலு நிமிடத்தை அந்தப் பையனிடமே கொடுத்து முப்பது நொடியாக்கச் சொல்கிறேன். என்னென்ன இல்லை என்று அவனே ஒரு தாளில் எழுதட்டும், அந்தத் தாள்தான் ஷாட் லிஸ்ட்.

வெட்டுஒட்டு:
அப்படியென்றால் எடிட்டிங்தான் முதலில்!

மண்டபத்துக்காரன்:
முதலில் எடுத்ததைத்தானே தம்பி வெட்டுகிறான்? சார், மாஸ்டரிடம் இந்தத் தடவை கேட்டுவிட்டு எடுங்கள், டீக்குக் காசும் கொடுத்துவிடுங்கள். போன தடவை நாலு நிமிடம் ஆற்றியதை யார் குடித்தார்களோ.