கட்டியிழுத்தலா, வலித்தலா? வெள்ளிக்குள் சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

கார் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். பழுதான காரையோ டிரெய்லரையோ இன்னொரு வண்டியின் பின்னால் இழுத்துச் செல்வது பற்றிய இயலை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். 'இழுவை' என்று எழுதத் தொடங்கி மாட்டிக்கொண்டேன். சக்கரம் தரையைப் பற்றும் பிடிப்புக்கு முந்தைய இயலிலேயே 'இழுவைக் கட்டுப்பாடு' என்று போட்டாகிவிட்டது. இன்னொரு சிக்கல், டிரெய்லரின் முன்முனை காரின் கொக்கியை அழுத்தும் எடை. ஆங்கிலத்தில் அதை நாக்கின் எடை என்கிறார்கள். 'நாக்கெடை' யாருக்குப் புரியும்?

---

> 'இழுவை' என்று எழுதத் தொடங்கி மாட்டிக்கொண்டேன்

'வலித்தல்' இருக்க ஏன் இந்தத் தவிப்பு? துடுப்பு வலிக்கிறோம். மலையாளத்தில் இன்றும் இழுப்பதற்கு அதுவே அன்றாடச் சொல். வலி முதலில் வலிமை. வலிமையால் செய்வது வலித்தல். தசையை இழுத்துப் பிடிப்பதால் நோவும் வலியாயிற்று என்பது என் துணிபு. வலிவண்டி, வலிபடுவண்டி என்று அழகான இணையும் கிடைக்கும்.

---

ஐயா, வேர் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நான் மோட்டார் தொழிற்பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். 'வலிப்பு' என்று பலகையில் எழுதினால் அவர்கள் நோயைத்தான் நினைப்பார்கள்.

இந்த இயலைச் சாலையோரத்தில், பதற்றத்தில் படிப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது. இன்ஜின் நின்ற காரில் பவர் ஸ்டியரிங் உதவாது. சில முறை மிதித்ததுமே பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம். தானியங்கி கியர் உள்ள பல கார்களில், இன்ஜின் ஓடாதபோது கியர்பெட்டிக்குள் எண்ணெய் சுழலாது. இன்ஜினின் விசையால் சுழலும் இயங்கு சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்காமல் இழுத்தால் உள்ளே தேய்ந்து கெட்டுப்போகும். இத்தனையையும் சொல்ல வேண்டிய இடத்தில் தலைப்பே புரியாவிட்டால் என்ன பயன்? 'கட்டியிழுத்தல்' போதும்.

---

> 'கட்டியிழுத்தல்' போதும்

கட்டுவது கயிற்றால். இரும்புத் தண்டால் இணைத்து இழுத்தால்?

---

வண்டி கட்டு என்கிறோமே, அதில் நுகத்தடியும் சேர்ந்துதானே இருக்கிறது? 'கட்டு' தண்டையும் தாங்கும்.

நாக்கெடைக்கும் மாட்டுவண்டியிலேயே விடை இருக்கிறது. முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலெழும், பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். வண்டியோட்டி மூட்டையை நகர்த்திச் சமன் செய்வார். டிரெய்லரிலும் அதே கணக்குத்தான். அதன் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொது விதி. குறைந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் அலையத் தொடங்கும். மிகுந்தால் காரின் முன்சக்கரங்கள் பளுவிழந்து ஸ்டியரிங் தளரும். ஆகவே 'முன்பாரம்'. புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.

கொக்கி கழன்றால் முன்முனை தரையில் குத்தாமல் தாங்குவதற்கு அதன் அடியில் குறுக்காக மாட்டும் சங்கிலிக்கும் பெயர் வேண்டும் அல்லவா? புறநானூறு 102இல், உப்பு வணிகரான உமணர் வண்டியின் கீழ்மரத்தில் 'சேம அச்சு', அதாவது அச்சு முறிந்தால் உதவும் மாற்று அச்சு, கட்டிச் செல்வதை ஔவையார் பாடுகிறார். அதே இடம், ஏறக்குறைய அதே பணி. 'சேமச் சங்கிலி' என்போம். இந்தச் சொல் கிடைத்ததில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

---

பாரம் வடசொல். நிலத்தின் சுமையை 'நிலக்குப் பொறை' என்று குறள் சொல்லும்போது நமக்கு ஏன் பாரம்? 'முன்பொறை' என்க. சேமமும் வடசொல்லே, பாதுகாப்புக்குத் தமிழில் ஏமம் இருக்கிறது. சங்கிலியும் வேண்டாம், கட்டிவைத்த நாயைச் சொல்லும் 'தொடர்ப்படு ஞமலி' என்ற புறநானூற்று அடியில் தொடர்தான் சங்கிலி. ஏமத்தொடர்!

---

ஐயா, சேமத்தை ஔவையாரே ஆண்டிருக்கிறார். வட எழுத்து ஒரீஇ, அதாவது வட எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தில், வரும் சொல்லுக்குத் தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறார். இன்று பொறை என்றால் பொறுமை, தொடர் என்றால் வாக்கியம். கொக்கி கழலும்போது உயிரைக் காக்கும் பொருளுக்கு அகராதி தேட வைக்கும் பெயர் கூடாது.

---

அனைவருக்கும் நன்றி. கட்டியிழுத்தல், முன்பாரம், சேமச் சங்கிலி மூன்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். இழுக்கும் வண்டி, இழுபடும் வண்டி என்பவை இணையாக நிற்கின்றன. நான்கு சக்கரங்களும் தரையில் உருள இழுப்பதற்கு மட்டும் ஒற்றைச் சொல் அமையவில்லை, விரித்தே எழுதியிருக்கிறேன்.

---

பெரும்பான்மையை ஏற்கிறேன், சொல்லை ஏற்கவில்லை. அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது 'முன்பொறை' வரட்டும். வலித்தல் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.