டயாலிசிஸ் போதும் என்கிறார் அப்பா. சம்மதிக்கலாமா?

சாட்ஸ்வொர்த் மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 79 வயது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன, இதயமும் பலவீனம். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். வீட்டுக்கு வந்து படுத்தால் மறுநாள் காலைதான் எழுந்திருக்கிறார். ஊசிமேல் ஒட்டிய டேப்பைப் பிரிக்கும்போது கைத்தோலும் கூடவே உரிந்து வருகிறது. தண்ணீருக்கு அளவு என்பதால் தாகத்துக்கு ஐஸ்கட்டியைச் சப்புகிறார். போன வாரம், "போதும்மா, இனிமே என்னைக் கூட்டிட்டுப் போகாதே" என்றார். புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. அண்ணனோ, "இது தற்கொலை, நீயும் உடந்தையா?" என்று கத்துகிறார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 1997-ல் இங்கே தென்னாப்பிரிக்காவில், இதே டர்பனில் தியாகராஜ் சுப்ரமணி என்பவர் டயாலிசிஸ் கேட்டு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். மெஷின்கள் போதாது, அவருக்கு இதய நோயும் இருக்கிறது என்று ஆஸ்பத்திரி மறுத்ததை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. கொஞ்ச நாளில் இறந்துபோனார். அவர் போராடியும் கிடைக்காததை நாங்கள் வேண்டாம் என்று சொல்லலாமா?

ஃபீனிக்ஸ் நர்ஸ் அக்கா (ஓய்வு):
தங்கச்சி, சுப்ரமணிக்கு மறுத்ததும் அநியாயம், வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்துவதும் அநியாயம். இரண்டிலும் நோயாளியின் பேச்சுதான் எடுபடாமல் போகிறது. இங்கே 2003-ஆம் ஆண்டு சுகாதாரச் சட்டப்படி சிகிச்சையை மறுக்க அப்பாவுக்கு உரிமை உண்டு. ஊசி போட்டு உயிரை முடிப்பது வேறு விஷயம். அதற்கு 2015-ல் பிரிட்டோரியா நீதிமன்றம் ஒருவருக்கு அனுமதி கொடுத்தது, மறுவருஷமே மேல்முறையீட்டில் அது ரத்தாகிவிட்டது. அண்ணனிடம் இதைப் பொறுமையாகச் சொல்.

நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம். தூக்கம் கூடிக்கொண்டே போகும். அரிப்பு, குமட்டல், மூச்சுத்திணறல் வரலாம், எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது. வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் தரும் மார்ஃபின், சிறுநீரகம் போனவர் உடம்பில் தேங்கிவிடும், அதனால் ஃபென்டனில் மாதிரி வேறு மருந்து தருவார்களா என்று டாக்டரிடம் கேள். நிறுத்துவதற்கு முன்னாலேயே ஹாஸ்பிஸ் (கடைசிக் காலத்தில் வேதனை குறைத்துப் பார்த்துக்கொள்பவர்கள்) ஆட்களை வீட்டுக்கு வரச் சொல்லிவிடு.

டோங்காட் வாசகர்:
நான் அவசரப்பட மாட்டேன் சகோதரி. என் மாமனாரும் இப்படித்தான் போதும் என்றார். துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது, என் மனைவி லீவு போட்டு அலைகிறாளே என்பதுதான் அவர் மனக்குறை. போக வர வண்டி ஏற்பாடு செய்ததும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். வயசானவர்கள் "போதும்" என்றால் பல நேரம் "உங்களுக்குப் பாரமா இருக்கேன்" என்றுதான் அர்த்தம். மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த் மகள்:
அண்ணா, நீங்கள் சொன்னது மனசில் தைத்தது. நேற்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பாரம் என்ற நினைப்பெல்லாம் இல்லையாம். "நான் நல்லா வாழ்ந்தாச்சும்மா. மூச்சு முட்டிச் செத்துருவேனோன்னுதான் பயம்" என்றார். அப்புறம், உப்பு ஆகாது என்று இத்தனை நாள் நாங்கள் ஒளித்துவைத்த மாங்காய் ஊறுகாயில் ஒரு துண்டு வேண்டும் என்றார்.

அக்கா, நீங்கள் எழுதியதையெல்லாம் அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். கத்தவில்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. வியாழக்கிழமை டாக்டரிடம் கூடவே வருகிறேன் என்றார். மூச்சுத்திணறலுக்கு ராத்திரி நேரத்தில் வீட்டிலேயே என்ன தருவார்கள், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன். அப்பாவே தன் வாயால் டாக்டரிடம் சொல்லட்டும். அண்ணன் அதை நேரில் கேட்க வேண்டும்.