4 கேமரா 4கே பதிவு: டெஸ்ட்ல வேகம் வருது, கல்யாணத்தில் ஃப்ரேம் விழுது

முகப்பு_ஒளி:
கானாடுகாத்தான் வீட்டுக் கல்யாணம். முகப்பில் 1, வளவில் (நடு முற்றம்) 2, மாடியில் 1 என 4 கேமரா. எல்லாம் 4கே, நொடிக்கு 25 ஃப்ரேம், புரோரெஸ் 422 எச்க்யூ (வீடியோவை அதிகம் சுருக்காம வைக்கிற வடிவம்). நாலும் இரண்டாங்கட்டில் வைத்த ஒரே லினக்ஸ் பெட்டியில் பதிவாகுது. 8 டிபி, 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் 4, ரெய்டு 5 (பல டிஸ்கை ஒன்றாச் சேர்த்து, ஒன்று போனாலும் டேட்டா தங்குற அமைப்பு), எக்ஸ்எஃப்எஸ் (லினக்ஸ் கோப்பு முறைமை). காலி டிஸ்கில் நொடிக்கு 650 எம்பி எழுதுது. ஞாயிறு காலை டிஸ்க் முக்கால்வாசி நிறைந்திருந்தது. எடிட்டர் அதே பெட்டியிலிருந்து ஹைலைட்ஸ் வெட்ட ஆரம்பித்ததும் 2 கேமராவில் ஃப்ரேம் போச்சு. சரியா திருப்பூட்டுற (தாலி கட்டுற) நேரம். அடுத்த வேலை ஆவணியில். டிஸ்கைக் கூட்டணுமா, அமைப்பையே மாத்தணுமா?

புதுவயல்_ரெய்டு:
ரெண்டும் வேணும் அண்ணே. நீங்க எடுத்த 650 காலி டிஸ்கோட கணக்கு, அதாவது தட்டின் வெளி விளிம்பு. உள்ளே போகப் போக வேகம் ஏறத்தாழ பாதியாகும். ரெய்டு 5-ல் 3 டிஸ்க் அளவுதான் டேட்டா சுமக்குது, மீதி ஒன்றின் அளவு காப்புக்குப் போகுது. முக்கால் நிறைந்த இடத்தில் சுமார் 430 வரும், முழுசா நிறைந்தால் 325. உங்க தேவை கேமராவுக்கு 92 எம்பி வீதம் 368. டிஸ்க் நிறையுற நேரத்தில் எடிட்டர் தொடாமலே பத்தாது.

எடிட்டர் தொட்டால் என்ன ஆகும்? ஹெட் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக 8 மில்லிசெகண்ட், தட்டு சுத்தி வர சராசரி 4. ஒவ்வொரு 1 எம்பிக்கும் இந்த 12-ஐக் கட்டினால், 7 மில்லிசெகண்டில் முடியுற எழுத்து 19 ஆகுது. முக்கால் நிறைந்த இடத்தில் (430-ல் மூன்றில் ஒன்று) 145 தந்த ஒரு டிஸ்க் 50-க்கு இறங்கிடும். 16 எம்பி துண்டாக எழுதினால் 130 கிடைக்கும். அதனால் பதிவு கோப்புகளுக்கு எக்ஸ்எஃப்எஸ் எக்ஸ்டென்ட் சைஸ் ஹின்ட்டை (டிஸ்கில் ஒரே தொடரா ஒதுக்குற இடத்தின் அளவு) 1 ஜிபி என்று வையுங்க. நாலு கோப்பும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளாது. பதிவு மென்பொருளிலும் எழுதும் துண்டைப் பெரிசாக்குங்க.

எஸ்ஜிஐ நிறுவனம் 1994-ல் தன் ஐரிக்ஸ் 5.3 இயங்குதளத்தில் எக்ஸ்எஃப்எஸ் தந்தப்போ ஜிஆர்ஐஓ என்று ஒன்று கூடவே இருந்தது. நிரல் தனக்கு இத்தனை எம்பி வேணும் என்று முன்பதிவு செய்யும். இடம் இல்லையென்றால் அப்பவே மறுத்துடும். லினக்ஸ் எக்ஸ்எஃப்எஸ்ஸில் அது இல்லை. ரியல்டைம் சப்வால்யூம் (டேட்டாவுக்குத் தனியாப் பிரிக்கிற பகுதி) உண்டு, ஆனா இட ஒதுக்கீட்டைத்தான் அது சீராக்கும், வேகத்துக்கு உறுதி தராது. ஆக முன்பதிவுக் கணக்கை நாமதான் போடணும்.

என் பரிந்துரை: 8 டிஸ்க், ரெய்டு 10 (ஜோடி ஜோடியா, ஒன்று மற்றதின் பிரதி), ஒவ்வொரு டிஸ்கிலும் முதல் 60 சதவீதத்துக்கு மட்டும் பார்ட்டிஷன். அதன் கடைசி விளிம்பிலும் சுமார் 640 வரும். 368 அதில் 60 சதவீதத்துக்குள்ள அடங்குது. மணிக்கு 1.3 டிபி வீதம் 19 டிபியில் 14 மணி நேரப் பதிவு. ஒரு டிஸ்க் போனாலும் எழுத்து நிற்காது. வாங்கும்போது எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியுற வகை) இல்லாத சிஎம்ஆர் (தடங்கள் படியாத வகை) தானா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்க. எஸ்எம்ஆர் டிஸ்க் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. எடிட்டருக்கு அந்த வால்யூமில் அனுமதியே கொடுக்காதீங்க.

தேவகோட்டை_எஸ்எஸ்டி:
மேலே சொன்னதில் விட்டுப்போனது பிழை நேரம். மோசமான செக்டரை வாசிக்க சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு நிமிஷம்கூடப் போராடும். ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் எஸ்சிடி இஆர்சி (டிஸ்க் பிழையோடு போராடுற நேரத்துக்கு வரம்பு) மதிப்பை வாசிப்புக்கும் எழுத்துக்கும் 70 என்று கொடுங்க. அது 7 நொடி. பல டிஸ்க்குகளில் மின்சாரம் போய் வந்தால் இது அழிஞ்சிடும், அதனால் பூட் ஸ்கிரிப்டில் போடுங்க. 7 நொடி × 368 = 2.6 ஜிபி. பதிவு பஃபர் (எழுதக் காத்திருக்கிற டேட்டாவைப் பதிவு மென்பொருள் ரேமில் வைக்கிற இடம்) 4 ஜிபி இருந்தால் ஒரு டிஸ்க் திக்கினாலும் தாங்கும்.

முகூர்த்த நேரத்துக்கு மட்டும் என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) போதும் என்றால் அதுவும் வழிதான், ஆனா கடையில் கிடைக்கிற விலை குறைந்த க்யூஎல்சி (ஒரு செல்லில் 4 பிட் வைக்கிற வகை) வேண்டாம். எஸ்எல்சி கேஷ் (முதலில் வேகமா எழுதிக்கிற சிறு பகுதி) தீர்ந்ததும் வேகம் ஹார்ட் டிஸ்குக்கும் கீழே போகும். மின்தடைக் காப்பு உள்ள சர்வர் வகை, ஹீட்சிங்க், நேரா காத்து. முற்றத்து வெயில் படுற இடத்தில் பெட்டியை வைக்காதீங்க. சூடானால் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். ஹார்ட் டிஸ்க் பெட்டியை ஸ்பீக்கருக்கும் ஜெனரேட்டருக்கும் பக்கத்தில் வைக்கிறதும் தப்பு: அதிர்வில் ஹெட் தடம் விலகி, ஒரு சுற்று காத்திருந்து மறுபடி எழுதும்.

முகப்பு_ஒளி:
ரேம் 64 ஜிபி இருக்கு. அதுவே பஃபர் ஆகாதா?

புதுவயல்_ரெய்டு:
தானா விட்டால் அதுதான் வினை. கர்னல் டர்ட்டி ரேஷியோ (டிஸ்கில் இன்னும் எழுதாத டேட்டா ரேமில் எவ்வளவு சேரலாம் என்ற எல்லை) இயல்பில் 20 சதவீதம். 10 ஜிபிக்கு மேல் சேர்த்து வச்சு, எல்லை வந்ததும் எழுதுறவங்க எல்லாரையும் நிறுத்திடும். டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸை (பின்னணியில் எழுதத் தொடங்குற அளவு) 64 எம்பி, டர்ட்டி பைட்ஸை (நிறுத்துற எல்லை) 512 எம்பி ஆக்குங்க. பிறகு ஃபியோவில் (டிஸ்க் வேகத்தைச் சோதிக்கிற கருவி) 4 ஜாப், ஒவ்வொன்றும் 95 எம்பி ரேட், டைரக்ட் ஐஓ (ரேமில் சேர்க்காம நேரா டிஸ்கில் எழுதுறது), 1 மணி நேரம் ஓட்டுங்க. முக்கியமா, பார்ட்டிஷனை 90 சதவீதம் நிரப்பிட்டு ஓட்டணும். சராசரியை விடுங்க. அதிகபட்ச லேட்டன்சி (ஒரு முறை எழுதி முடிய ஆகுற நேரம்) வரியைப் பாருங்க. அது பஃபர் தாங்கும் நேரத்துக்குள்ள இருக்கணும்.

வளவுவாசி:
ஞாயிறு காலைன்னு எழுதியிருக்கீங்க. மாதத்தின் முதல் ஞாயிறா? டெபியன், உபுண்டுவில் ரெய்டு சரிபார்ப்பு அன்றைக்கு நள்ளிரவு 1 மணி வாக்கில் தானா தொடங்கும். 8 டிபி டிஸ்கை முழுசாப் பார்க்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும், முகூர்த்தம் அதுக்குள்ள வந்துடலாம். எம்டிஸ்டாட்டில் (லினக்ஸ் ரெய்டு நிலையைக் காட்டுற கோப்பு) செக் என்று தெரிஞ்சால், ரெய்டைக் கட்டுப்படுத்துற கோப்பான சிங்க் ஆக்‌ஷனில் ஐடில் என்று எழுதி நிறுத்துங்க. வேலைக்கு முந்தின நாளே அந்த டைமரை அணைச்சிடுங்க. வேலை முடிஞ்சதும் மறக்காம ஓடவிடுங்க, கெட்ட செக்டரை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறது அதுதான்.