கலைச்சொல் விவாதம்: கிராப்பி மீனுக்கான ‘லூர்’ செயற்கை இரையா, பொய்யிரையா?

குழுவினருக்கு வணக்கம்.

வட அமெரிக்க நன்னீர் மீன்களைப் பற்றி எழுதிவரும் தொடரில் இப்போது கிராப்பிக்கு வந்திருக்கிறேன். மீனைப் பற்றி எழுதுவதில் சிரமம் இல்லை. வெள்ளைக் கிராப்பி, கருங்கிராப்பி என்று இரண்டு இனங்கள். வெள்ளைக்கு முதுகுத்துடுப்பில் ஐந்தாறு முட்கள், கருப்புக்கு ஏழெட்டு. தூண்டில் பகுதியில்தான் நின்றுவிட்டேன். மீனை ஏமாற்றிக் கவ்வவைக்கத் தூண்டிலில் மாட்டும் போலி இரையான ‘லூர்’ என்பதற்கு என்ன எழுதுவது? நம் ஊர் மீன்பிடிக் காணொளிகளில் எல்லோரும் லூர் என்றே சொல்கிறார்கள். முதலில் ‘செயற்கை இரை’ என்று எழுதிப் பார்த்தேன். ஜிக், கிராங்க்பெய்ட், ஸ்பின்னர் என்று வகைகளுக்குள் போனதும் ஒவ்வொன்றும் அரை வரி நீளமுள்ள தொடராகிவிடுகிறது. ‘மென்நெகிழி உடல் கொண்ட ஈயத்தலைச் செயற்கை இரை’ என்று பத்தி தோறும் எழுதினால் யார் படிப்பார்கள்? ஆலோசனை வேண்டும்.

அன்புடன்,
கோவையிலிருந்து

* * *

மறுமொழி

அன்பரே,

பழந்தமிழில் இதற்கு நெருங்கிய சொல் ஒன்று இருக்கிறது: பார்வை. மானையும் பறவையையும் பிடிக்க வேட்டுவர் பழக்கி வைத்திருக்கும் மானுக்கும் பறவைக்கும் ‘பார்வை’ என்று பெயர். அதைப் பார்த்துத் தன் இனம் என்று நம்பி மற்றவை அருகே வரும், வலையில் விழும். ‘பார்வை இரை’ என்று வைத்துக்கொள்ளலாமே. வேட்டைத்தொழிலிலிருந்தே வந்த சொல், நாம் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டியதில்லை.

தஞ்சாவூரிலிருந்து

* * *

மறுமொழி

வணக்கம்.

தஞ்சாவூர் ஐயா எடுத்துத் தந்த ‘பார்வை’யைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் அதை ஏற்கத் தயக்கம். இன்றைய வாசகருக்குப் பார்வை என்றால் கண்பார்வைதான். கிராப்பியைப் பற்றிய கட்டுரையில் மீனின் கண்பார்வையைப் பற்றியும் பேசியாக வேண்டும். அதன் கண் தலையின் மேற்பகுதியில் இருப்பதால் தனக்கு மேலே இருக்கும் இரையைத்தான் அது எளிதில் பார்க்கும், மேல்நோக்கி எழுந்துதான் கவ்வும். அதனால் தூண்டிலை மீன் நிற்கும் ஆழத்துக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். ‘பார்வை இரையை மீனின் பார்வையில் படும்படி’ என்று எழுதினால் வாசகர் தடுமாறுவார். இன்னொன்று, பார்வை என்பது உயிருள்ள விலங்கு. இங்கே நமக்கு வேண்டியது உயிரில்லாத ஒன்றுக்கான பெயர்.

நான் இருக்கும் அமெரிக்க நகரான மெம்பிசுக்குத் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் ஆர்கபட்லா, சார்டிஸ், ஈனிட், கிரெனடா என்று நான்கு ஏரிகள் உண்டு. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அணைகளால் உண்டானவை. கிராப்பிக்குப் பேர்போன இடங்கள். 5 பவுண்டு 3 அவுன்ஸ் எடையில் உலக சாதனையாகப் பதிவான வெள்ளைக் கிராப்பி 1957-இல் ஈனிட் அணையருகே பிடிபட்டதுதான். அங்கே தூண்டில் போடுகிறவர்கள் எதைப் பார்த்து எதை எடுக்கிறார்கள் என்பதை வைத்தே சொற்களை அமைக்கலாம் என்பது என் எண்ணம். பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தால் முடிவே வராது.

முதலில் ஜிக். கிராப்பிக்கு இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. தூண்டில் முள்ளின் கழுத்தில் ஒரு சின்னக் குண்டை வார்த்திருப்பார்கள். குண்டும் முள்ளும் ஒரே பொருள். அதனால் குண்டுமுள் என்று சொல்லிவிடலாம். குண்டு, முள் இரண்டுமே நம் தூண்டில்காரர்கள் நாள்தோறும் சொல்லும் சொற்கள். ‘ஈயத்தலை’ வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு: இப்போது டங்ஸ்டனிலும் வார்க்கிறார்கள். டங்ஸ்டன் ஈயத்தைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு அடர்த்தி உள்ளது. அதே எடைக்குச் சிறிய குண்டு போதும், தண்ணீரில் சீக்கிரம் இறங்கும். பனி உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிக்கிறவர்கள் அதை விரும்புகிறார்கள். பெயரில் ஈயத்தை வைத்தால் ‘டங்ஸ்டன் ஈயத்தலை’ என்ற அபத்தம் வந்து நிற்கும்.

கிராப்பிக் குண்டுமுள்ளின் எடை மிகக் குறைவு. ஒரு அவுன்சில் 32-இல் ஒரு பங்கு, 16-இல் ஒரு பங்கு, மிஞ்சினால் 8-இல் ஒரு பங்கு. கிராமில் சொன்னால் சுமார் 0.9, 1.8, 3.5. இந்தத் தேர்வு வெறும் வசதிக்காக அல்ல. எடை குறையக் குறையக் குண்டுமுள் மெதுவாக இறங்கும், குளிரில் மந்தமாக இருக்கும் மீனுக்கு அந்த மெதுவான இறக்கம்தான் பிடிக்கும். காற்று அடித்தாலோ ஆழம் கூடினாலோ எடையைக் கூட்டித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் தூண்டில் நரம்பு வில்லாக வளைந்து, மீன் தொட்டது கைக்கே தெரியாது.

குண்டுமுள்ளின்மேல் போர்த்துவது என்ன என்பது அடுத்த கேள்வி. மென்நெகிழியால் செய்ததை மென்னுடல் எனலாம். உள்ளே வெற்றிடமும் பின்னால் குஞ்சமும் உள்ளது குழலுடல். வால் சுருண்டிருந்தால் சுருள்வால். மீன்குஞ்சின் வடிவில் இருந்தால் குஞ்சுடல். இந்த ஏரிகளில் கிராப்பி தின்பது பெரும்பாலும் ஷாட் என்ற சிறுமீனின் குஞ்சுகளை. அதனால் மென்னுடலும் நாலைந்து சென்டிமீட்டர் நீளத்தில்தான் இருக்கும்.

மரபூ என்ற மென்மயிர் கட்டிய வகைக்கு மட்டும் ஒரு நல்ல தமிழ்ச்சொல் காத்திருக்கிறது: தூவி. பறவையின் மெல்லிய இறகு. முன்பு மரபூ நாரையின் இறகைக் கட்டினார்கள், இப்போது வான்கோழியின் மென்தூவிதான். சுருள்வாலை இழுத்தால்தான் அது ஆடும். தூவிக்கு இழுப்பே வேண்டாம், நின்ற இடத்தில் நீரசைவுக்கே அலையும். ஜனவரி, பிப்ரவரிக் குளிரில் பழகியவர்கள் தூவிக் குண்டுமுள்ளை எடுப்பது அதனால்தான். வசந்தத்தில் நீர் 16 முதல் 20 பாகை செல்சியசை எட்டி மீன்கள் முட்டையிடக் கரையோரம் வரும்போது குழலுடலும் சுருள்வாலும் பையிலிருந்து வெளியே வரும்.

நிறத்துக்குப் புதுச்சொல் தேவைப்படாது. தெளிந்த நீரில் வெள்ளி, சாம்பல் போன்ற மீன்குஞ்சு நிறங்கள். கலங்கிய நீரில் கருப்போடு சேர்ந்த பளிச்சென்ற எலுமிச்சைப் பச்சை. வெள்ளைக் கிராப்பி கலங்கல் நீரையும் தாங்கி வாழும் என்பதால் அந்தப் பச்சை இல்லாத பெட்டியை இங்கே பார்ப்பது கடினம்.

கிராங்க்பெய்ட்: கெட்டியான உடல், முன்னால் தட்டையான உதடு. சும்மா விட்டால் பெரும்பாலானவை மிதக்கும், இழுத்தால் முங்கும். கோடையில் மீன் ஆழத்துக்குப் போய்ப் பரவிவிடும்போது, படகை மெல்ல ஓட்டிக்கொண்டு பின்னால் இழுப்பார்கள். இதற்கு முக்குளி என்று முன்மொழிகிறேன். முக்குளித்தல் என்ற வினையும் முக்குளிப்பான் என்ற பறவைப் பெயரும் நம்மிடம் இருப்பதால் கேட்டவுடனே புரியும். இழுக்கும்போது தகடு சுழலும் ஸ்பின்னருக்குச் சுழல்தகடு, கரண்டிக் குழிபோல் வளைந்த உலோகத் துண்டான ஸ்பூனுக்கு வெறும் தகடு. இவற்றில் சண்டைக்கு இடமில்லை.

இனி மூலக் கேள்வி. ‘செயற்கை இரை’ ஏன் போதாது? கிராப்பிக்கு இன்னொரு பொருளும் விற்கிறார்கள். மணமூட்டிய, பிசைந்த மாவு போன்ற சிறு உருண்டைகள். முள்ளின் நுனியில் ஒன்றைக் குத்திவிட்டால் மீன் கவ்வியதை உடனே துப்பாமல் கொஞ்சம் வைத்திருக்கும். அதுவும் தொழிற்சாலையில் செய்ததுதான், செயற்கைதான். ஆனால் மீன் அதைத் தின்னலாம். மென்னுடலைத் தின்ன முடியாது. இந்த வேறுபாடு சட்டத்திலேயே இருக்கிறது. கொலராடோ மாநிலத்தில் லூர் மட்டுமே அனுமதிக்கப்பட்ட நீர்நிலைகளில், தின்னக்கூடியதும் மணமூட்டியதும் லூர் கணக்கில் வராது. ‘செயற்கை இரை’ என்று மொழிபெயர்த்துவிட்டு அந்த விதியைத் தமிழில் எழுதிப் பாருங்கள், விதியே தலைகீழாகிவிடும்.

ஆகவே என் பரிந்துரை: செயற்கை இரை என்பதைப் பொதுச்சொல்லாக விடுவோம், உருண்டையும் அதற்குள் அடங்கட்டும். லூருக்குப் பொய்யிரை. பொய்க்கால், பொய்முடி, பொய்ப்பல் என்று அசலைப்போலச் செய்ததைச் சொல்ல இந்த அமைப்பு ஏற்கனவே பேச்சில் இருக்கிறது. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
மெம்பிசிலிருந்து

* * *

மறுமொழி

வணக்கம்.

குண்டுமுள் மிக நன்று, தூவி அதைவிட நன்று. பொய்யிரையில் எனக்கு ஒரு ஐயம். வாய்விட்டுச் சொன்னால் ‘பொய்யுரை’ என்று காதில் விழுகிறது. வகுப்பில் மாணவருக்குச் சொல்லிப் பார்த்தேன், இருவர் அப்படித்தான் எழுதினார்கள். ‘மருட்டிரை’ என்றால் இந்தக் குழப்பம் இராது. மருட்டுதல் என்றால் மயக்கி ஏமாற்றுதல்.

ஸ்பூனுக்கு வெறும் தகடு என்பதும் வறண்டு இருக்கிறது. குறள் 931-இல் ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்று வருகிறதே, பளபளக்கும் உலோகத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

அப்புறம், நரம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் அது தங்கூசி. இரண்டையும் கட்டுரையில் ஒருமுறையாவது சேர்த்து எழுதுங்கள், இங்கே படிக்கிறவர்களுக்கும் புரியட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

மறுமொழி

அம்மாவுக்கு வணக்கம்.

தங்கூசியைச் சேர்ப்பதில் மறுபேச்சே இல்லை.

பொய்யுரை என்று கேட்பது நியாயமான குறை. கலைச்சொல் காதுக்கும் சரியாக விழ வேண்டும். அதற்கு ‘பொய் இரை’ என்று பிரித்து எழுதி, பிரித்தே உச்சரிக்கலாம். கூட்டுச்சொல்லில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். மருட்டிரையை நான் தள்ளுவதற்குக் காரணம் அதன் பொருள் அல்ல. விரால் பிடிக்க ரப்பர் தவளை வாங்கப் போகும் தமிழ்நாட்டு இளைஞர் கடையில் கேட்கக்கூடிய சொல்லாக அது இருக்க வேண்டும். ‘பொய் இரை இருக்கா?’ என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். ‘மருட்டிரை இருக்கா?’ என்றால் திருப்பிக் கேட்பார். சொல் அந்தக் கடைக்குள் போகாவிட்டால் நம் பட்டியலிலேயே கிடக்கும்.

தூண்டிற்பொன் அழகான சொல், ஆனால் இடம் மாறுகிறது. பரிமேலழகர் உரைப்படி அங்கே பொன் என்பது இரைக்குள் மறைந்திருக்கும் தூண்டில் இரும்பு. ஸ்பூனில் உலோகமே இரையாக மின்னுகிறது, மறைப்பதற்கு எதுவும் இல்லை. குறளில் முள்ளைக் குறிக்கும் சொல்லை நாம் தகட்டுக்கு மாற்றினால், பின்னால் குறளைப் படிக்கும் பிள்ளைக்கு அந்த உவமையே பிசகும். தகடு வறண்டதாக இருந்தாலும் இருக்கட்டும்.

கட்டுரையில் சேர்க்க இன்னொன்று. கிராப்பியின் வாய்ச்சவ்வு மிக மெல்லியது, இங்கே அதற்குத் ‘தாள்வாய்’ என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும். அதனால் குண்டுமுள்ளின் முள் மெல்லிய கம்பியில் இருப்பதே நல்லது. நீருக்கடியில் கிளையில் மாட்டினாலும் மெதுவாக இழுத்தால் வளைந்து வெளியே வந்துவிடும், பிறகு நிமிர்த்திக்கொள்ளலாம். ‘மென்கம்பி முள்’ என்று எழுதினால் போதும்.

மெம்பிசிலிருந்து

* * *

மறுமொழி

அனைவருக்கும் நன்றி.

கட்டுரையில் பொய் இரை, குண்டுமுள், மென்னுடல், குழலுடல், சுருள்வால், குஞ்சுடல், தூவிக் குண்டுமுள், சுழல்தகடு, தகடு ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். மணமூட்டிய உருண்டைக்கு ‘மணவுருண்டை’ என்று எழுதியிருக்கிறேன், அதைச் செயற்கை இரை என்ற தலைப்பின்கீழ் தனியாக வைத்துவிட்டேன். பார்வையை வேட்டை பற்றிய அடிக்குறிப்பில் சேர்க்கிறேன், தஞ்சாவூர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முக்குளியை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். அடுத்த கட்டுரை நீர்ப்பறவைகள் உள்ள ஏரிகளைப் பற்றியது. அங்கே முக்குளிப்பானைப் பல இடங்களில் முக்குளி என்றே சுருக்கிச் சொல்வதால் மோதல் வரும். ‘முங்கி’ என்று வைத்தால் என்ன? இழுத்தால் முங்குவது என்ற பொருள் அப்படியே கிடைக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால் போதும், அதுவரை அந்தப் பத்தியைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

கோவையிலிருந்து