ஜாவா: எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டினால் நிரல் முடிவின்றிச் சுழல்கிறது

கேள்வி:
வணக்கம். ஜாவா கற்கத் தொடங்கியிருக்கிறேன். மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கும் ஒரு சிறு நிரலில், உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேனரின் ‘நெக்ஸ்ட்இன்ட்’ (ஓர் எண்ணைப் படிக்கும் கட்டளை) வரியை ட்ரை பகுதியில் வைத்து, ‘இன்புட்மிஸ்மேட்ச்எக்செப்ஷன்’ (எண் அல்லாதது வந்தால் எழும் எக்செப்ஷன், அதாவது இயக்கத்தின்போது வரும் பிழை அறிவிப்பு) வந்தால் கேட்ச் பகுதியில் பிடித்து, சரியான எண் கிடைக்கும்வரை மறுபடி கேட்குமாறு முழுவதையும் வொயில் லூப்புக்குள் இட்டிருக்கிறேன். 75 என்று கொடுத்தால் ஒழுங்காக இயங்குகிறது. ‘எழுபத்தைந்து’ என்று எழுத்தில் கொடுத்தாலோ, பிழைச் செய்தி நிற்காமல் திரையில் ஓடுகிறது. மேலும், 150 போன்ற எண் வந்தால் நானே எக்செப்ஷனை வீச வேண்டுமா, அல்லது இஃப் போதுமா?

மறுமொழி 1:
எக்செப்ஷனைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் ‘நெக்ஸ்ட்இன்ட்’ தோற்கும்போது, தான் படிக்க முயன்ற சொல்லை உள்ளீட்டிலிருந்து அகற்றுவதில்லை. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அதே சொல்லே அதன் முன் வந்து நிற்கிறது. கேட்ச் பகுதியில் ஒரு முழு வரியைப் படிக்கும் ‘நெக்ஸ்ட்லைன்’ ஒன்றை அழைத்தால் அந்த வரி கழிந்துவிடும். இருப்பினும், தொடக்கத்திலேயே ‘நெக்ஸ்ட்லைன்’ மூலம் முழு வரியையும் வாங்கி, ‘ட்ரிம்’ செய்து (இரு முனைகளிலும் உள்ள இடைவெளிகளை நீக்கி), எழுத்துவரியை எண்ணாக்கும் ‘இன்டிஜர்’ வகுப்பின் ‘பார்ஸ்இன்ட்’டிடம் கொடுப்பதையே நான் விரும்புவேன். அது தோற்று ‘நம்பர்ஃபார்மேட்எக்செப்ஷன்’ வந்தாலும், வரி ஏற்கெனவே படிக்கப்பட்டுவிட்டதால் சிக்கலில்லை. ‘ட்ரிம்’மை விட்டுவிடாதீர்கள், 75க்குப் பின் ஓர் இடைவெளி இருந்தாலே ‘பார்ஸ்இன்ட்’ மறுத்துவிடும். (வேடிக்கை என்னவென்றால், ௭௫ என்ற தமிழ் இலக்கங்களை அது மறுப்பின்றி 75 ஆக ஏற்றுக்கொள்ளும்.)

மறுமொழி 2:
150 பற்றி: ஒரே மெத்தடில் எக்செப்ஷனை வீசி, இரண்டு வரி தள்ளி நாமே பிடிப்பது வீண் சுற்று, அங்கே இஃப் போதும். ஆனால் ‘மாணவர்’ என்றொரு வகுப்பு எழுதினால் நிலைமை வேறு. மதிப்பெண் விசைப்பலகையிலிருந்து வந்ததா, கோப்பிலிருந்து வந்ததா என்பது அதன் கன்ஸ்ட்ரக்டருக்கு (அந்த வகுப்பின் பொருளை உருவாக்கும் பகுதிக்கு) தெரியாது. பயனரிடம் மறுபடி கேட்கவும் அதனால் முடியாது. ஆகையால் 0 முதல் 100 வரை இல்லாத எண் வந்தால், வந்த எண்ணையும் செய்தியில் சேர்த்து அது ‘இல்லீகல்ஆர்கியுமென்ட்எக்செப்ஷன்’ வீசட்டும். மறுபடி கேட்கக்கூடிய மெயின் மெத்தட் அதைப் பிடிக்கட்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. லூப் நின்றுவிட்டது. ஆனால் ‘இல்லீகல்ஆர்கியுமென்ட்’டை மேலேயும் ‘நம்பர்ஃபார்மேட்’டைக் கீழேயும் பிடித்தால், இரண்டாவது ஏற்கெனவே பிடிக்கப்பட்டுவிட்டது என்று கம்பைலர் மறுக்கிறதே?

மறுமொழி 2:
‘நம்பர்ஃபார்மேட்எக்செப்ஷன்’ மற்றதன் துணை வகுப்பு என்பதால், மேலே உள்ள கேட்ச் பகுதியே அதையும் பிடித்துவிடும். கீழே உள்ளதற்கு வேலையே இராது. வரிசையை மாற்றுங்கள். இந்தத் தொல்லை வேண்டாமென்று பொதுவாக ‘எக்செப்ஷன்’ என்றே பிடிக்கத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். லினக்ஸில் பயனர் கன்ட்ரோல்-டி அழுத்தி உள்ளீட்டை முடித்துக்கொண்டால் ‘நெக்ஸ்ட்லைன்’ ‘நோசச்எலிமென்ட்எக்செப்ஷன்’ வீசும். அதையும் பிடித்துவிட்டு மறுபடி கேட்டால், பழையபடி முடிவில்லாத சுழற்சிதான்.