மறு: ‘ஆல்டர்நேட் ஹிஸ்டரி’ – மாற்று வரலாறா, நிகழா வரலாறா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நடந்ததில் ஒன்றை மாற்றி, ‘அப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்’ என்று எழுதுவதுதான் ‘ஆல்டர்நேட் ஹிஸ்டரி’. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் மாற்று வரலாறு, எதிர்மெய் வரலாறு, கிளை வரலாறு என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. என் ஓட்டு மூன்றுக்கும் இல்லை. ‘நிகழா வரலாறு’ என்று வைக்கலாம்.

> மாற்று வரலாறு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

அதுதான் சிக்கல். அரசர்களை விட்டுவிட்டு அடித்தட்டு மக்களின் பக்கமிருந்து எழுதும் வரலாற்றை இங்கே பலரும் மாற்று வரலாறு என்கிறார்கள். அது நடந்ததைப் பேசுவது. நாம் பெயர் தேடுவது நடக்காததற்கு. ‘எதிர்மெய்’ பொய்க்கு மரியாதையாக வைத்த பெயர் போல ஒலிக்கிறது. ‘கிளை வரலாறு’ என்றால் கட்சிக் கிளையா, வங்கிக் கிளையா என்று கேட்பார்கள். ‘நிகழா’ என்பது வாடாமல்லியில் வரும் ‘வாடா’ போன்றது. எந்தக் காலத்திலும் நிகழாதது என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

> அப்படியானால் எந்தக் கற்பனையும் நிகழா வரலாறுதானே? 1914இல் ஜெர்மனியிடம் 300 நீர்மூழ்கிகள் இருந்திருந்தால்?

எழுதலாம் ஐயா, ஆனால் தேறாது. 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியபோது ஜெர்மனியிடம் இருந்தவை முப்பதுக்கும் குறைவு. அதை 300 ஆக்க, ஜெர்மன் கடற்படையைக் கட்டியெழுப்பிய அட்மிரல் திர்பிட்ஸ் பல ஆண்டுகள் போர்க்கப்பல்களில் கொட்டிய பணத்தையும் கப்பல் பட்டறைகளையும் திருப்பிவிட வேண்டும்; அதைப் பார்த்து பிரிட்டன் சும்மா இருந்திருக்காது. ஒன்றை மாற்றப்போய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாகிவிடும்.

நல்ல நிகழா வரலாற்றுக்கு ஒரே ஒரு முடிவு மாறினால் போதும். அந்த முடிவு அப்போது மேசைமேல் உண்மையிலேயே இருந்ததாகவும் இருக்க வேண்டும். கற்பனை உண்மையிலிருந்து பிரியும் இந்த இடத்துக்கு ‘பிரிமுனை’ என்று பெயர் வைக்கலாம். சொல்லைச் சோதிக்க 1917 ஜனவரி 9ஐ எடுத்துக்கொள்வோம். அன்று பிளெஸ் மாளிகையில், எச்சரிக்கை இல்லாமலே வணிகக் கப்பல்களை மூழ்கடிக்கும் உத்தரவுக்கு ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியம் சம்மதித்தார். மாதம் 6 லட்சம் டன் வீதம் மூழ்கடித்தால் ஐந்தே மாதத்தில் பிரிட்டன் பணிந்துவிடும் என்பது கடற்படைத் தலைமையகத் தலைவர் ஹோல்ட்சென்டார்ஃப் போட்ட கணக்கு. தலைமை அமைச்சர் பெத்மான் ஹோல்வெக் அமெரிக்கா போருக்கு வந்துவிடும் என்று அஞ்சினார். கடைசியில் தளபதிகளுக்கு வழிவிட்டார்.

கணக்கின் முதல் பாதி பலித்தது. ஏப்ரலில் மட்டும் 8.5 லட்சம் டன்னுக்கு மேல் மூழ்கியது. ஆனால் அதே மாதம் 6ஆம் தேதி அமெரிக்கா போரில் இறங்கியது. மே முதல் கப்பல்களைக் கூட்டமாகக் காவலோடு அனுப்பும் முறையும் வந்தது.

இப்போது பிரிமுனையில் பெத்மான் வென்றதாக வையுங்கள். கப்பலை நிறுத்திச் சோதித்து, ஆட்களைப் படகில் இறக்கிவிட்டு மூழ்கடிக்கும் பழைய விதிப்படியே 1916 இறுதியில் மாதம் 3 லட்சம் டன்னுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்காவில் கடன் வாங்க பிரிட்டனிடம் ஈடு தீர்ந்துகொண்டிருந்தது. அந்நியக் கடன் பத்திரங்கள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள் என்று 1916 நவம்பரிலேயே அமெரிக்க மைய வங்கி தன் வங்கிகளிடம் சொல்லிவிட்டது. 1917 மார்ச்சில் ரஷ்யப் பேரரசர் முடிதுறந்தார். ஜெர்மனி ஒரு ஆறு மாதம் பொறுத்திருந்தாலே பேச்சுவார்த்தையில் நல்ல விலை கிடைத்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. இப்படி வாதாட இடமிருந்தால்தான் அது வரலாறு, இல்லாவிட்டால் வெறும் கதை.

அப்புறம் இரண்டு சில்லறை விஷயங்கள். அந்த உத்தரவை ‘கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மாலுமிகள் தறிகெட்டுப் போனது போல இருக்கிறது. பேரரசரே போட்ட உத்தரவு அது. ‘வரம்பற்ற’ சரியாக வரும். இன்னொன்று, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைச் சிலர் நீர்மூழ்கி என்று நினைக்கிறார்கள். அது நீர்மூழ்கி அல்ல, கடல்மேல் ஓடிய குரூசர் வகைப் போர்க்கப்பல். குழப்பத்துக்குத் தேதியும் ஒரு காரணமோ என்னவோ. 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னையில் குண்டு வீசியது; அன்று காலைதான் டச்சுக் கரைக்கு அப்பால் யூ-9 என்ற நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை மூழ்கடித்திருந்தது.

‘நிகழா வரலாறு’, ‘பிரிமுனை’ இரண்டையும் பட்டியலில் சேர்க்க முன்மொழிகிறேன். ‘கிளை’தான் வேண்டும் என்பவர்கள் மேலே உள்ள பிளெஸ் பத்தியில் அந்தச் சொல்லைப் போட்டு எழுதி அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.