"இல் ஃபோ", "இல் ப்ளெ", "இல் மாங்க்": நாம் தடுக்கிய இடங்கள்

பாரிசுக்கு வந்த முதல் வருடம் ஓர் உணவகக் குசினியில் வேலை செய்தேன். ஒரு நாள் காலை செஃப் ஒரு பெட்டிக் காளானைக் காட்டி, "ஃபோ பா லே லாவே" என்று சொல்லிவிட்டுப் போனார். "ஃபோ" என்றால் வேண்டும், "பா" என்றால் இல்லை, "லாவே" என்றால் கழுவுதல். அவ்வளவு எனக்குத் தெரியும். கூட்டிப் பார்த்தேன்: கழுவ வேண்டாம். அதாவது கழுவத் தேவையில்லை, கழுவினால் நல்லதுதான் என்று எடுத்துக்கொண்டேன். கையில் நேரம் இருந்ததால் பெட்டி முழுவதையும் தண்ணீரில் கொட்டி அலசி வடித்து வைத்தேன். மதியம் சட்டியில் போட்டபோது ஒன்றுகூடப் பொன்னிறமாக வரவில்லை. தண்ணீர் விட்டு, அவிந்து கிடந்தது. செஃப் மீதி இருந்ததில் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிக் காட்டினார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பிறகு ஒரு சின்னத் தூரிகையை என் கையில் வைத்தார்.

"இல் ந ஃபோ பா" என்றால் கூடாது. தேவையில்லை என்று சொல்ல "ச நே பா லா பென்" என்று வேறொன்று இருக்கிறது. நம் "வேண்டாம்" இரண்டு பக்கமும் சாயும். பிரெஞ்சு "ஃபோ பா" ஒரு பக்கம்தான் சாயும். பேச்சில் "இல்" காணாமல் போய்விடுவதால் புதிதாக வந்தவருக்கு அது இன்னும் கஷ்டம்.

ஆனால் அன்று இரவு கொப்பியில் எழுதிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. நான் போக வேண்டும், நீ போக வேண்டும், அவர்கள் போக வேண்டும். ஆள் மாறினாலும் "வேண்டும்" மாறவில்லை. "ஃபாலுவார்" என்ற அந்த வினையும் அப்படித்தான். காலத்துக்கு ஏற்ப ஃபோ, ஃபாலே, ஃபோத்ரா என்று மாறுமே தவிர, ஆளுக்கு ஏற்ப மாறாது. "இல் ம ஃபோ து தான்" என்பது சொல்லுக்குச் சொல் "எனக்கு நேரம் வேண்டும்". ஆங்கிலம் வழியாகப் போனால் சுற்று. தமிழிலிருந்து நேராகப் போனால் பக்கத்து வீடு. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

அண்ணா, எனக்குச் சொல்லித் தந்தது என் நாலு வயது மகள். லியோனில் ஒரு நவம்பர் காலை, பள்ளிக்குக் கிளம்பும்போது "லா ப்ளுயி ப்ளெ" என்றேன். மழை பெய்கிறது என்பதை அப்படியே வைத்தேன். அவள் சப்பாத்துப் போடுவதை நிறுத்திவிட்டு, "நோன் அம்மா, இல் ப்ளெ" என்றாள். "இல்" என்றால் அவன் என்றுதானே படித்திருந்தேன், யார் அந்த "இல்" என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

அன்று முழுக்க அதையே யோசித்தேன். "விடிந்துவிட்டது" என்கிறோமே, விடிந்தது எது? "இருட்டுகிறது" என்றால் எது? நாம் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறோம். எழுத்துப் பிரெஞ்சில் வெறுமையாக விட முடியாது, அதனால் ஒரு "இல்" போட்டு அடைக்கிறார்கள். அது ஆண் இல்லை, ஆளே இல்லை. அங்கே அவள் என்று சொல்லும் "எல்" வராது. இருட்டிவிட்டது என்றால் "இல் ஃபே நுயி". கயிறு கயிறாக மழை கொட்டும்போதும் "இல் ப்ளெ தே கோர்த்" என்றுதான் சொல்வார்கள். கயிறு பன்மை, வினை ஒருமை.

குளிருக்கு மட்டும் கவனம் தேவை. வெளியே குளிர்கிறது என்றால் "இல் ஃபே ஃப்ருவா". எனக்குக் குளிர்கிறது என்றால் "ஜே ஃப்ருவா". "ஜ சுயி ஃப்ருவாத்" என்றால் நான் ஒட்டாத மனுஷி என்று ஆகிவிடும்.

*

என் கதை கொஞ்சம் கனமானது. மனைவியை ஊரிலிருந்து கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தேன். அதற்கு வீட்டின் பரப்பளவையும் பார்ப்பார்கள். அலுவலகச் சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி கோப்பைப் புரட்டிவிட்டு, "இல் மாங்க் யூன் பியேஸ்" என்றார். "பியேஸ்" என்றால் அறை என்றுதான் படித்திருந்தேன். வீட்டில் ஓர் அறை குறைகிறது என்று நினைத்து, தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு கிழமை, வேலை முடிந்து இரவில் பெரிய வீடு தேடி அலைந்தேன். மனைவியிடம் தொலைபேசியில் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை.

பிறகு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை ஒரு நண்பர்தான் வாசித்துச் சொன்னார்: ஒரு பத்திரம் குறைகிறது. அங்கே "பியேஸ்" என்றால் ஆவணம். "இல்" வீட்டையும் குறிக்கவில்லை, என்னையும் குறிக்கவில்லை. இரண்டு படம் குறைந்தாலும் "இல் மாங்க் தூ ஃபோத்தோ", வினை ஒருமையிலேயே நிற்கும். "இல் ரெஸ்த்" என்றால் மிச்சம் இருக்கிறது, "இல் சுஃபி" என்றால் போதும். அலுவலகத்துக்குப் போகும் எவருக்கும் இந்த மூன்றையும் முதலில் சொல்லிக் கொடுங்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்பேன். 2026 சனவரி முதல் பத்து வருட வதிவிட அட்டைக்கு பே1 (B1), குடியுரிமைக்கு அதைவிட உயர்ந்த பே2 (B2) என்று பிரெஞ்சு மொழித்தகுதியை உயர்த்தியிருக்கிறார்கள். இனி இது இன்னும் அவசியம்.

*

எனக்கு ஒரு சந்தேகம். "இல் ஃபோ க" என்று வந்தால் பின்னால் வரும் வினை ஏன் தலைகீழாக மாறுகிறது?

*

தம்பி, நான் புதுச்சேரியில் பல வருடம் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தவள். பொதுவாகச் சொன்னால் "இல் ஃபோ பார்த்தீர்", போக வேண்டும், அவ்வளவுதான். யார் என்று சொல்ல வந்தால் "க" போட்டு, வினை சுப்ஜோன்க்தீஃப் என்ற வேறொரு வடிவத்தில் வரும்: "இல் ஃபோ க து பார்த்", நீ போக வேண்டும். அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். அய் (போ), சுவா (இரு), ஏ (உடைமையைச் சொல்லும் "அவுவார்"), ஃபாஸ் (செய்) என்ற நான்கையும் நாக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள். விருந்துக்குப் போன இடத்தில் கிளம்பும்போது எல்லோரும் "ஃபோ க ஜி அய்" என்பார்கள். நான் போகணும், அதுதான். நாளைக்கு வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.